நாயின் தீராத தோல் ஒவ்வாமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் இறங்கும் எல்லை ஊர்களில் இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் லாப்ரடாரும் பக்கும் ஜெர்மன் ஷெப்பர்டும் இருக்கின்றன. அவற்றில் பல, ஆண்டு முழுவதும் சொறிந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் வீட்டு லாப்ரடார் சின்னியும் அப்படிப்பட்டவள். அவளைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. ஆகவே மருந்தின் அளவை எங்கும் எழுதவில்லை. உங்கள் நாயை நேரில் தொட்டுப் பார்த்த கால்நடை மருத்துவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

என் நாய் நாள் முழுவதும் சொறிகிறது. இது ஒவ்வாமையா, சாதாரணச் சொறியா?

எங்கே சொறிகிறது என்று முதலில் பாருங்கள். பாதங்களை நக்குவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, காது, அக்குள், தொடை இடுக்கு, அடிவயிறு ஆகிய இடங்கள் சிவப்பது ஆகியவை சூழலில் உள்ள பொருள்களாலோ உணவாலோ வரும் ஒவ்வாமையின் அடையாளங்கள். வெளிர்நிற நாயாக இருந்தால் நக்கி நக்கிப் பாதத்து முடி செம்பழுப்பாக மாறியிருக்கும். வால் தொடங்கும் இடத்திலும் பின்முதுகிலும் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். காது மடலின் ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டி, அரிப்பு வெறிபிடித்ததுபோல் இருந்தால் அது பெரும்பாலும் சொறிப்பூச்சி. குட்டிக்கு அரிப்பு அதிகம் இல்லாமல் திட்டுத் திட்டாக முடி கொட்டினால் டெமோடெக்ஸ் என்ற இன்னொரு வகைப் பூச்சியாக இருக்கலாம்.

வயதும் ஒரு தடயம். சூழல் ஒவ்வாமை பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தலைகாட்டும். எட்டு வயது வரை நன்றாக இருந்த நாய் திடீரென்று சொறிய ஆரம்பித்தால் வேறு காரணங்களையும் தேடச் சொல்லுங்கள்.

எத்தனை ஊசி போட்டாலும் ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறதே, ஏன்?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். ஒவ்வாமைக்கு ஆளாகும் நாய்க்குப் பிறவியிலேயே தோலின் காப்பு பலவீனமாக இருக்கிறது. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி, புல்லின் மகரந்தம், பூஞ்சை வித்து போன்றவை அந்தத் தோல் வழியாக உள்ளே புகுந்து உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகின்றன. இந்த இயல்பை எந்த ஊசியாலும் நிரந்தரமாக நீக்க முடியாது.

ஆனால் அரிப்பு கூட்டுத்தொகையாகத்தான் வருகிறது. ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தூசி பாதி நிரப்புகிறது, தெள்ளுப்பூச்சி கொஞ்சம், தோலில் பெருகிய பூஞ்சை கொஞ்சம், ஒத்துக்கொள்ளாத உணவு கொஞ்சம். விளிம்பைத் தாண்டும்போதுதான் நாய் சொறிகிறது. தூசியை முழுவதும் ஒழிக்க யாராலும் முடியாது. மற்ற மூன்றையும் எடுத்துவிட்டால், தூசி இருந்தபடியே இருக்க, நாய் நிம்மதியாகத் தூங்கும். மாதத்துக்கு ஒரு ஊசி மட்டும் போடும்போது குடம் நிறைந்தபடியேதான் இருக்கிறது. எனவே ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் எடுங்கள். கீழே உள்ள பதில்களையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் எடுக்க வேண்டியது எது?

தெள்ளுப்பூச்சியும் உண்ணியும். "என் நாய்மேல் ஒரு பூச்சிகூட இல்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடி போதும். கடித்த பூச்சியை நாயே நக்கி விழுங்கியிருக்கும். கண்ணில் படாததால் பூச்சி இல்லை என்று ஆகாது.

மாதம் ஒருமுறை தரும் அஃபோக்ஸோலானர், சுமார் 12 வாரம் வேலை செய்யும் ஃபுளூரலானர் போன்ற வாய்வழி மாத்திரைகள் தெள்ளு, உண்ணி இரண்டையும் கொல்கின்றன. சொறிப்பூச்சிக்கும் டெமோடெக்ஸுக்கும்கூட மருத்துவர்கள் இவற்றையே பயன்படுத்துகிறார்கள். சொறிப்பூச்சி தோல் சுரண்டல் பரிசோதனையில் பல நேரம் சிக்காது என்பதால், சந்தேகம் இருந்தால் இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பதே ஒரு பரிசோதனையாகிவிடுகிறது. நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்; இந்த வகை மருந்துகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும்.

பூச்சியை அடக்கிவைக்கும் கடுங்குளிர்காலம் நமக்குக் கிடையாது. ஆகவே ஆண்டு முழுவதும் கொடுக்க வேண்டும். வீட்டில் வேறு நாயோ பூனையோ இருந்தால் அவற்றுக்கும் மருந்து உண்டு. நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைமேல் விடவே கூடாது. பூனை இறந்துவிடும்.

தோல் யானைத்தோல்போலக் கறுத்துத் தடித்துவிட்டது. கிட்டே போனால் நாற்றம். குளிப்பாட்டியும் போகவில்லை.

அது மலசீசியா என்ற பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகியிருப்பதன் அடையாளம். இரண்டும் ஆரோக்கியமான தோலிலும் கொஞ்சம் இருப்பவைதான். ஒவ்வாமையால் தோல் கெடும்போது பெருகி, தாங்களே புதிய அரிப்பை உண்டாக்குகின்றன. செலோ டேப்பைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். செலவும் குறைவு. இந்தப் பரிசோதனை செய்யாமலே எழுதித்தரப்படும் மருந்துச் சீட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்புவே இங்கே முதல் ஆயுதம். பூஞ்சைக்கு அதனுடன் மைக்கோனசோல் அல்லது கீட்டோகோனசோல் சேர்ந்தது நல்லது. நுரை தோலின்மேல் முழுதாகப் 10 நிமிடம் இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே காத்திருங்கள், ஏனென்றால் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மூன்று நிமிடமே பத்துபோலத் தோன்றும். வெந்நீர் வேண்டாம், அது அரிப்பைக் கூட்டும். கழுவியபின் விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் எதுவுமே காயாது. சின்னிக்கு அந்த நாள்களில்தான் பூஞ்சை ஏறும். மழைக்காலத்தில் வாரம் ஒரு குளியல் தேவைப்படுகிறது.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதினால் சொன்ன நாள் வரை கொடுங்கள். இரண்டு மூன்று சுற்றுக் கொடுத்தும் கொப்புளம் வந்தபடி இருந்தால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையைக் கேளுங்கள். நாய்த்தோலில் வாழும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி பல மருந்துகளுக்கும் அடங்காததாக மாறிவிடுவதுண்டு.

கோழிக்கறியை நிறுத்திப் பார்த்தேன், குறையவில்லை. அப்படியானால் உணவு ஒவ்வாமை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாமல் போகும் உணவுகள் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. கோழியை நிறுத்திவிட்டுப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் எதுவும் தெரியவராது. சரியான உணவுச் சோதனை என்பது நாய் தன் வாழ்நாளில் தின்றே இராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும், குறைந்தது 8 வாரம். இல்லையென்றால் புரதத்தை மிக நுண்ணிய துண்டுகளாக உடைத்துச் செய்த, ஹைட்ரலைஸ்டு எனப்படும் மருத்துவ உணவு. அது விலை அதிகம், ஆனால் தவறு நேரும் வாய்ப்பு குறைவு.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் நம் பக்கத்தில் சிக்கல். எல்லைக்கு அந்தப்புறம் மாட்டிறைச்சி சாதாரண உணவு. இந்தப்புறம் கோழிக்கடை எச்சம் நாய்ச்சோற்றில் விழாத வீடு குறைவு. இரண்டையும் தின்ற நாய்க்கு ஆட்டுக்கறி பாதுகாப்பானதல்ல, ஏனென்றால் மாடும் ஆடும் பாலும் புரத அளவில் நெருங்கிய உறவு. வாத்தும் கோழியும் அப்படியே. மீதமிருப்பவை முயல், பன்றி, இதுவரை தின்றிராத மீன். கூடவே சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அல்லது நன்றாக வேகவைத்து நீரை வடித்த மரவள்ளிக்கிழங்கு. எது உங்கள் நாய்க்குப் புதியது என்பதை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டுப் பட்டியல் எடுங்கள். தாத்தா ரகசியமாகக் கொடுக்கும் பன் அப்போதுதான் வெளியே வரும். வளரும் குட்டிக்கு வீட்டுச் சமையலை மட்டுமே நம்பி இதைச் செய்யக் கூடாது. சுண்ணாம்புச்சத்து குறைந்து எலும்பு பாதிக்கும்.

அந்த 8 வாரமும் பால் கிடையாது, முட்டை கிடையாது, மெல்லும் எலும்பு கிடையாது, இறைச்சிச் சுவை சேர்த்த மாத்திரையும் கிடையாது. மாட்டுத்தொழுவத்தில் சிந்திய பாலை நக்குவதும் கணக்கில் சேரும். தோட்டத்து ஆள்களிடமும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாயைக் கட்டுவது நாய்க்கு எவ்வளவு கடினமோ அதைவிடக் கடினம் மனிதர் கையைக் கட்டுவது. இது சொல்லுமளவுக்கு எளிதன்று. கல்யாணம், திருவிழா இல்லாத இரண்டு மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

அரிப்பு குறைந்தால் கடைசிப் படி ஒன்று பாக்கி இருக்கிறது: பழைய உணவைத் திரும்பக் கொடுப்பது. இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் உணவுதான் காரணம் என்று உறுதியாகும். நன்றாக இருக்கும் நாய்க்கு அந்தப் பழைய சோற்றை வைக்க யாருக்கும் மனம் வராதுதான். ஆனால் அதைச் செய்யாவிட்டால், மழை நின்றதால் குறைந்ததா, உணவால் குறைந்ததா என்று ஒருபோதும் தெரியாது.

இரத்தம் எடுத்துக் கொடுத்தால் எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுவார்களாமே?

உணவு ஒவ்வாமைக்கு இரத்தப் பரிசோதனை நம்பகமானதல்ல. முடியையோ எச்சிலையோ அனுப்பச் சொல்லும் பரிசோதனைகளும் அப்படியே. அந்தப் பணத்தை உணவுச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு விஷம் என்கிறார்கள். கொடுக்கலாமா, கூடாதா?

கொடுக்கலாம். தோல் புண்ணாகி, நாய் தூங்காமல், சாப்பிடாமல் இருக்கும்போது பிரெட்னிசோலோன் மாத்திரை ஓரிரு நாளில் அதை மீட்டுவிடும். அதைத் தராமல் நாயைத் துடிக்கவிடுவதை நான் இரக்கம் என்று ஏற்க மாட்டேன்.

ஆபத்து இருப்பது அதை ஒரே மருந்தாக வைத்து மாதக்கணக்கில் ஓட்டுவதில். அளவுக்கு மீறிய தாகம், அடங்காப் பசி, அடிக்கடி சிறுநீர், பானை வயிறு, மெலிந்த தோல், தசை இழப்பு, திரும்பத் திரும்ப நோய்த்தொற்று எல்லாம் வரும். நாய்க்கு இருப்பது டெமோடெக்ஸாக இருந்தால் ஸ்டீராய்டு அதைப் பரப்பிவிடும். வாரக்கணக்கில் வேலை செய்யும் நெடுநாள் ஊசியை விட மாத்திரையை நான் விரும்புவதற்குக் காரணம், மாத்திரையைக் குறைக்க முடியும், உள்ளே போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. சில வாரம் தொடர்ந்து கொடுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண் விழுந்து இரத்தம் கசியும். இரண்டு மருத்துவர்களிடம் மாறி மாறிக் காட்டும் வீடுகளில் இந்தச் சேர்க்கை நேர்ந்துவிடக்கூடும்.

ஸ்டீராய்டு இல்லாத மருந்துகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஒக்லாசிடினிப் மாத்திரை ஒரு நாளுக்குள்ளேயே அரிப்பைக் குறைக்கத் தொடங்கும். வழக்கமாக 14 நாள் வரை இருவேளை, பிறகு ஒருவேளை. ஒரு வயது நிரம்பாத நாய்க்கும், கடும் நோய்த்தொற்று இருக்கும் நாய்க்கும் கூடாது. நீண்டநாள் கொடுத்தால் இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சைக்ளோஸ்போரின் இன்னொன்று, பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், முதல் நாள்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். அரிப்பைத் தூண்டும் இன்டர்லியூக்கின் 31 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் லோகிவெட்மாப் என்ற ஊசியும் உண்டு. ஒருமுறை போட்டால் பல நாய்களுக்கு 4 முதல் 8 வாரம் வரை தாங்கும்.

மருந்துக்கடையில் செடிரிசின் கொடுத்தார்கள். போதுமா?

கடும் அரிப்புக்குப் போதாது. மனிதர்களுக்கு உதவும் அளவுக்கு ஆன்டிஹிஸ்டமின் மருந்துகள் நாய்களுக்கு உதவுவதில்லை. பாராசிட்டமாலோ மூக்கடைப்பு மருந்தோ கலந்த சளி மாத்திரையைக் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு ஓரளவு உதவும்; இரண்டு மூன்று மாதம் கொடுத்த பிறகே பலன் தெரியும், உணவுச் சோதனையின்போது அதுவும் கூடாது.

ஒவ்வாமைக்கே தடுப்பூசிபோல ஒன்று உண்டாமே?

இம்யூனோதெரபியைச் சொல்கிறீர்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலிலோ இரத்தத்திலோ பரிசோதித்து, அதையே மிகச் சிறிய அளவில் ஊசியாகத் தொடர்ந்து கொடுத்து உடலைப் பழக்குவது. சூழல் ஒவ்வாமைக்கு மட்டுமே பொருந்தும், உணவுக்கு அல்ல. நோயின் வேரையே மாற்ற முயலும் சிகிச்சை இது ஒன்றுதான். பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் ஓராண்டு பொறுத்த பிறகே பலித்ததா இல்லையா என்று சொல்ல முடியும். இளம் நாயாக இருந்தால் இதைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள்.

மாமியார் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் போதும் என்கிறார். தோட்டத்துக்காரர் கழிவு ஆயில் தடவச் சொல்கிறார்.

கழிவு ஆயில் நஞ்சு. வண்டியிலிருந்து வடித்த எண்ணெயில் ஈயம் முதலான உலோகங்கள் இருக்கும். நாய் நக்கி விழுங்கும், தோலும் வெந்துபோகும். மண்ணெண்ணெய், பினாயில், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துத் தூள் எல்லாவற்றுக்கும் இதே பதில். தயவுசெய்து வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் அப்படிப்பட்ட தீங்கு செய்யாது. வறண்டு வெடித்த மூக்குக்கும் உள்ளங்காலுக்கும் துளி தடவலாம். ஏற்கெனவே பிசுபிசுத்து நாறும் தோலில் பூசினால் அழுக்கும் ஈரமும் தங்கி நிலைமை மோசமாகும். வேப்பெண்ணெயை நாய் நக்கினால் வாந்தி எடுக்கும். மாமியாரிடம் வாதாட வேண்டாம். வாரக் குளியலை அவர் பொறுப்பில் விடுங்கள். இதைச் செய்த ஒரு வீட்டில் நாய்க்கும் நன்றாயிற்று, வீட்டுக்கும் நன்றாயிற்று.

எங்கள் வீடு தென்னந்தோப்புக்குள். பக்கத்தில் நார் மில். ஊரையே மாற்ற முடியுமா?

வேண்டியதில்லை. நார்த்தூசி பறக்கும் நேரத்தில் நாயை உள்ளே வையுங்கள். நார் மெத்தை, சாக்கு, பழைய பஞ்சு மெத்தை ஆகியவற்றைப் படுக்கையாகப் போடாதீர்கள். தூசிச் சிற்றுண்ணி அங்கேதான் குடியிருக்கும். வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கக்கூடிய பருத்தித் துணி போதும். வரப்போரத்துப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுப் பிடுங்குங்கள். அது மனிதர் தோலுக்கும் ஆகாது. நடந்து திரும்பியதும் நாயின் நான்கு கால்களையும் அடிவயிற்றையும் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுவது, செலவே இல்லாமல் அதிகப் பலன் தரும் வேலை.

காதைச் சொறிந்து சொறிந்து மடல் பலூன்போல வீங்கிவிட்டது.

தலையை உதறியதில் மடலுக்குள் இரத்தம் கட்டியிருக்கும். வீட்டில் குத்தி எடுக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். காதுச் சீழ் திரும்பத் திரும்ப வருவதும் பெரும்பாலும் இதே ஒவ்வாமையால்தான். சொட்டுமருந்து விடுமுன் செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளூரில் சரியாகவில்லை. எங்கே கொண்டுபோவது?

உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு, 1955 முதல் இயங்கும் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி திருச்சூர் சாலையிலேயே வந்துவிடும். நாமக்கல் கல்லூரி சற்றுத் தொலைவு.

எங்கே போனாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். தின்றவை, மருந்துகள், குளியல் நாள், அரிப்புக்குப் பத்தில் எத்தனை என்ற மதிப்பெண் ஆகியவற்றை எழுதிய நோட்டு, புண்ணின் பழைய படங்கள், காலியான மருந்து அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்குக் கடை வணிகப்பெயர் மாறும் என்பதால் அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயர்தான் மருத்துவருக்குத் தேவை. பயணத்துக்கு முந்தைய நாள் குளிப்பாட்டக் கூடாது. தோல் இருக்கிறபடியே தெரியட்டும். பிறகு ஒரே மருத்துவரிடம் மூன்று மாதமாவது நில்லுங்கள்.

குழந்தைகளுக்குத் தொற்றுமா?

ஒவ்வாமை தொற்றாது. சொறிப்பூச்சியும் படர்தாமரையும் தொற்றும். வீட்டில் யாருக்காவது புதிதாக அரிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஒவ்வாமை நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போடலாமா?

போட்டே ஆக வேண்டும். எந்த மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லி, ஊசி போடும் தேதியை முடிவு செய்யுங்கள். தவிர்ப்பதற்கு ஒவ்வாமை ஒரு காரணமே அல்ல.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. வீட்டில் சண்டை. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

தோன்றுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலுக்கடியில் அந்தத் தட்தட் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பவர்களுக்கு அது தெரியும். அன்றைய இரவுக்கு மட்டும் ஒரு வழி: குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒற்றுங்கள், நக்கவோ கடிக்கவோ முடியாதபடி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டுங்கள், இன்னொருவர் அறைக்கு நீங்கள் போய்த் தூங்குங்கள். நாளை மருத்துவரிடம், "எங்களால் தூங்க முடியவில்லை" என்பதையும் நோயின் அறிகுறியாகவே சொல்லுங்கள். மருந்தைத் தீர்மானிப்பதில் அதற்கும் இடம் உண்டு. கையில் இவ்வளவுதான் பணம் என்றும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பூச்சி மாத்திரை, ஷாம்பு, தேவைப்படும்போது குறைந்த அளவு பிரெட்னிசோலோன் என்ற எளிய திட்டத்திலும் பல நாய்கள் நன்றாக வாழ்கின்றன.

சாலையோரம் இறக்கிவிடுவது மட்டும் கூடாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். அதைவிட, தோல் புண்ணான வீட்டு நாய் தெருவில் நீண்டநாள் உயிரோடு இருக்காது. உண்மையிலேயே முடியவில்லை என்றால், நோயை மறைக்காமல் சொல்லி, நோட்டையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

இப்போது நன்றாக இருக்கிறாள். ஒருமுறை குட்டி போடவிடலாமா?

வேண்டாம். இந்த இயல்பு பரம்பரையாக இறங்குகிறது. கருத்தடை செய்துவிடுங்கள். குட்டியை உங்களுக்கு விற்றவரிடமும் சொல்லுங்கள்; அதே தாய்க்கு அடுத்த ஈற்று நடக்காமல் அவர் நிறுத்தக்கூடும். கூடப்பிறந்த குட்டிகளை வாங்கிய வீடுகள் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு போன் செய்து, பாதங்களையும் காதுகளையும் இப்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.